மூன்றாவது பிரதி

ஆஷ்கோம் மாளிகை, சாமர்செட்
1781 நவம்பர் 9

அன்புள்ள ஹெஸ்டர்,

நீ வீட்டை விட்டுப் போய் இன்றோடு பத்து நாள். பிரிஸ்டலில் பில்லிங் அம்மாளின் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாய் என்று கம்பளி வண்டிக்காரன் சொல்லித்தான் தெரிந்தது. டாலிவர் குடும்பத்தில் வளர்ந்த பெண் கம்பளி மூட்டைமேல் உட்கார்ந்து பட்டணம் போயிருக்கிறாள். ஊர் வாய்க்கு ஒரு மாதத் தீனி போட்டுவிட்டாய்.

குளிர் அங்கியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இதோடு அனுப்பியிருக்கிறேன். பச்சை அங்கிதான். நீலத்தில் பூச்சி அரித்துவிட்டது.

உன் பெரியப்பாவுக்கு மறுபடி கால் வீக்கம். ஜமைக்காக் கரும்புத் தோட்டத்துக் கடிதங்கள் மேசைமேல் குவிந்து கிடக்கின்றன. உன் இடத்தில் பாதிரியாரின் உதவியாளரை உட்கார வைத்தார். அந்த மனிதரின் கையெழுத்து கோழி கிளறிய குப்பை. "அந்தப் பொண்ணு எப்ப வரா?" என்று தினமும் என்னைக் கேட்கிறார். "அவ ஏன் போனான்னு தெரியுமா அண்ணா?" என்றேன். "பொம்பளைங்க ஏன் போறாங்கன்னு நான் எந்தக் காலத்துல தெரிஞ்சு வச்சிருந்தேன்?" என்கிறார். இவரிடம் என்ன பேசுவது?

காரியஸ்தர் மெக்லீஷ் ஜமைக்காவிலிருந்து எழுதிய பதிலை நீ படித்துவிட்டாய் என்று தெரியும். மேசைமேல் விரித்து, காற்றில் பறக்காமல் மைக்கூட்டை மேலே வைத்துவிட்டுப் போயிருந்தாய். கோபத்தில் வீட்டை விட்டு ஓடும்போதுகூட ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறாய். நான்தான் அப்படி வளர்த்தேன். அதைப் பற்றி நேரில் பேசலாம். சில விஷயங்கள் எழுதினால் இருப்பதைவிடப் பெரிதாகிவிடும்.

என் தம்பி கில்பர்ட், உன் அப்பா, அங்கே காய்ச்சலில் போனபோது உன்னைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். நாலு வயது. இறங்கியதும் என் கையுறையைப் பற்களால் கடித்துப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாய். அந்த நாளிலிருந்து பதினேழு வருஷம் உன்னை நான் ஒரு நாளும் பிரிந்ததில்லை.

வா. வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புகிறேன்.

உன் அத்தை,
தியோடோசியா டாலிவர்

என் விரல்களின் வாதம் உனக்குத் தெரியும். இந்த ஒரு கடிதத்துக்கு இரண்டு காலைகள் ஆயின. என் கடிதங்களை எழுதித் தந்தவளும் நீதானே.


பிரிஸ்டல்
1781 நவம்பர் 16

மதிப்புக்குரிய அத்தைக்கு,

வண்டி வந்தது. காலியாகத் திருப்பி அனுப்பியதற்கு வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அங்கியையும் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். குளிர் விடவில்லை. போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேரில் பேசலாம் என்கிறீர்கள். நேரில் பேசினால் நீங்கள் தேநீர் ஊற்றுவீர்கள், நான் குடிப்பேன், பேச்சு வேறு எங்கோ போய்விடும். அதனால் எழுத்திலேயே இருக்கட்டும்.

போன வருஷம் ஜூலை மாதம். விருந்துக்குக் கர்னலும் பிஷப்பின் தம்பியும் மனைவிமாரோடு வந்திருந்தார்கள். விருந்தாளிகள் வந்தால் உணவு மேசையில் எனக்கு இடமில்லை. கறுப்புத் தாய்க்குப் பிறந்தவள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. ஆனால் சாப்பாடு முடிந்து எல்லோரும் நூலகத்துக்கு வந்த பிறகு ஜன்னலோர மேசையில் நான் இருக்கலாம், கையில் பேனா இருந்தால். அந்த அறையில் நான் உட்கார ஒரு காரணம் வேண்டியிருந்தது. பெரியப்பாவின் கடிதங்கள்தான் அந்தக் காரணம். ஜமைக்காவுக்குப் போகிற ஒவ்வொரு கடிதத்தையும் மூன்று பிரதி எழுதுவேன். போர்க்காலம். ஒரு கப்பல் பிடிபட்டால் இன்னொன்று போய்ச் சேரும் என்று மூன்று கப்பல்களில் போகும்.

அன்று எழுதியது தோட்டத்தில் விற்க வேண்டிய அடிமைகளின் பட்டியல். பதினொரு பெயர்கள். ஏழாவது பெயர், டயானா, துணி துவைப்பவள். அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு ஒரு சுழி போட்டேன், அழகாக இருக்கட்டும் என்று. மூன்று பிரதியிலும் போட்டேன்.

மெக்லீஷ் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். "தங்கள் உத்தரவுப்படி பதினொருவரும் விற்கப்பட்டனர். டயானா மட்டும் சற்றுத் தொந்தரவு கொடுத்தாள். காலஞ்சென்ற கேப்டன் கில்பர்ட்டிடம் இருந்தவள், தங்கள் வீட்டில் வளரும் பெண்ணின் தாய். தவறுதலாக இருக்குமோ என்று நானும் யோசித்தேன். ஆனால் கையெழுத்து அவ்வளவு தெளிவாக இருந்ததால் சந்தேகத்துக்கு இடமே இல்லை."

என் அம்மாவை எல்லோரும் ஃபிபா என்று கூப்பிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தாளில் அவளுக்கு வேறு பெயர் என்று நாலு வயதில் எனக்கு யார் சொல்வார்கள்?

அன்று நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து தலையணை உறையில் பூ வேலை செய்துகொண்டிருந்தீர்கள். பட்டியலைப் பார்த்தீர்கள். "ரெண்டாவது பிரதியில மை சிந்திடாதேம்மா" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

டயானா யார் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு சொல் போதும். அதற்கு இரண்டு காலைகள் ஆகாது.

ஹெஸ்டர்


ஆஷ்கோம்
1781 நவம்பர் 24

ஹெஸ்டர்,

தெரியும்.

ஒரு சொல் கேட்டாய், எழுதிவிட்டேன். இனி எழுதுவதை நீ படித்தாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி.

கில்பர்ட் கடிதம் எழுதும்போதெல்லாம் அவளை டயானா என்றுதான் எழுதுவான். அந்தப் பெயரை உன் தோளுக்கு மேலாகப் பார்த்ததும் ஊசி விரலில் ஏறிவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்காது. உறையில் ரத்தம் பட்டதென்று கர்னலின் மனைவி கைக்குட்டை கொடுத்தாள். "அச்சச்சோ, பாத்துத் தைங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்த இடத்தில் பேசியிருந்தால் நாலு பேர் நடுவில் அண்ணனை எதிர்த்ததாகும். உனக்கும் எல்லார் முன்னாலும் தெரிந்துபோகும். பிறகு ரகசியமாகச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். செய்யவும் செய்தேன். இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்றிருந்தேன், சொன்னால் இன்னும் கேவலமாகத் தெரியும் என்பதால்.

ஆகஸ்ட் மாதம் மெக்லீஷுக்கு நானே தனியாக எழுதினேன். டயானாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு, அவள் விலையை என் முத்துமாலையை விற்று நான் தருகிறேன் என்று. 'லார்க்' என்ற கப்பலில் போனது. டிசம்பரில் பத்திரிகை பார்த்தேன். 'லார்க்' பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டுவிட்டது.

ஏன் ஒரே ஒரு கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் பிரதி எடுக்கிறவள் நீ. உன்னிடம் எப்படிக் கொடுப்பேன்? என் விரல்களால் ஒன்று எழுதவே மூன்று நாள் ஆயிற்று. போதும் என்று விட்டுவிட்டேன்.

கப்பல் பிடிபட்டதும் இன்னொன்று எழுதியிருக்கலாமே என்றும் கேட்பாய். லார்க் பிடிபட்டால் பட்டியல் கொண்டுபோன கப்பல்களும் பிடிபட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் காலையில் பத்திரிகை வந்தால் கப்பல் செய்திகளைத்தான் முதலில் பார்ப்பேன். நம் நாட்டுக் கப்பல் மூழ்காதா என்று பார்த்த ஒரே பெண்பிள்ளை இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். பட்டியலின் முதல் கப்பல் பிடிபட்டது. இரண்டாவது புயலில் போயிற்று. அன்று தேவாலயத்தில் மண்டியிட்டு நன்றி சொன்னேன். முப்பது மாலுமிகள் செத்ததற்கு நன்றி சொன்னேன், ஹெஸ்டர்.

மூன்றாவது போய்ச் சேர்ந்துவிட்டது.

அத்தை


பிரிஸ்டல்
1781 டிசம்பர் 3

அத்தைக்கு,

உங்கள் சர்க்கரைக்கு மூன்று கப்பல். என் அம்மாவுக்கு ஒரு கப்பல்.

இந்த இரண்டு வரியோடு முடித்துவிட நினைத்தேன். தாளை மடித்தும் விட்டேன். ஆனால் நீங்கள் மறைக்காமல் எழுதினீர்கள். நான் மறைத்தால் உங்களைக் கேள்வி கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

அன்று இரண்டு பிரதி முடித்ததும் பெரியப்பா சீட்டாட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். "போதும்மா, ரெண்டு போதும். இந்தச் சின்ன விஷயத்துக்கு மூணாவது எதுக்கு? விளக்கை இந்தப் பக்கம் நகர்த்து" என்றார். நான்தான், "பத்து நிமிஷம் பெரியப்பா, முடிச்சுக் குடுத்திடறேன்" என்றேன். பிஷப்பின் தம்பி, "இப்படி ஒரு பொண்ணு எங்க வீட்ல இல்லையே" என்றார். எனக்கு அது எவ்வளவு இனித்தது தெரியுமா? அந்த ஒரு வார்த்தைக்காக மூன்றாவதை மற்ற இரண்டையும்விட நன்றாக எழுதினேன்.

யாரும் கேட்காத பிரதி அது. அதுதான் போய்ச் சேர்ந்தது.

பகலில் பில்லிங் அம்மாளின் மாணவிகளுக்குக் கையெழுத்துச் சொல்லித் தருகிறேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாதே. சுழி போட மட்டும் சொல்லித் தருவதில்லை.

துறைமுகத்தில் ஒருவரைப் பார்த்தேன். பெயர் குவாமினா. 'ஹோப்வெல்' கப்பலில் சமையல்காரர், கறுப்பர், அறுபது வயதிருக்கும். ஜமைக்காவில் பிறந்து, விலை கொடுத்துத் தன்னை விடுவித்துக்கொண்டவர். நான் வாயைத் திறந்ததும் சிரித்துவிட்டார். "அடேயப்பா, ராணியம்மா தோத்தாங்க! மூஞ்சி எங்க ஊரு, பேச்சு அரண்மனை. யாரு பெத்த பொண்ணு நீ?" என்றார். டயானா என்றேன்.

"அது எசமான் வச்ச பேரு. நம்ம ஆளுங்க வச்ச பேரைச் சொல்லு."

"ஃபிபா."

"அப்படிச் சொல்லு. வெள்ளிக்கிழமை பொறந்தவ."

என் அம்மா பிறந்த கிழமையை ஒரு கப்பல் சமையல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. மெக்லீஷ் அவளை விற்ற இடம் செயின்ட் ஆன் பக்கம் மலையடிவாரம் என்று சொன்னேன். "ஆறு பக்கத்துலதான் இருக்கு. துவைக்கிறவங்களுக்குத் தண்ணி சுமக்கிற வேலை மிச்சம். ஆனா அந்த எசமான் ஆளு மோசம்" என்றார். எப்படி மோசம் என்று கேட்டேன். என் அங்கியைப் பார்த்தார். "நல்ல துணி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

எனக்கு உங்கள் வருத்தம் வேண்டாம். பெரியப்பாவின் கையெழுத்து வேண்டும். அவளைத் திரும்ப வாங்கி விடுதலை செய்யும்படி மெக்லீஷுக்கு உத்தரவு. குடும்பத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் அந்த ஆள் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டான். பிப்ரவரியில் கப்பல் கூட்டம் கிளம்புகிறது. அதற்குள் வேண்டும்.

ஹெஸ்டர்


ஆஷ்கோம்
1782 ஜனவரி 20

ஹெஸ்டர்,

முதலில் அண்ணனிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன். காலை உணவின்போது.

"படிப்புக் குடுத்தோம், பட்டுக் குடுத்தோம், பியானோ வாத்தியார் வச்சோம். இன்னும் என்ன தியோ வேணும் அவளுக்கு?"

"அவ அம்மா வேணும்."

"வித்த பொருளைத் திரும்பக் கேட்டு வாங்கினா ஊர்ல என்ன பேசுவாங்க? டாலிவருக்கு நொடிச்சுப்போச்சும்பாங்க. அந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது. முட்டை ஆறுது, சாப்பிடு."

மூன்று வாரம் கேட்டேன். முட்டை ஆறுகிறது, கால் வலிக்கிறது, நரி வேட்டைக்கு நேரமாகிறது. இப்படியே போயிற்று.

போன வியாழக்கிழமை விருந்து. பதினான்கு பேர். சாப்பாடு முடிந்தது, பழத்தட்டும் வந்துவிட்டது. வீட்டுத் தலைவியாக நான் எழுந்தால்தான் பெண்கள் எல்லோரும் எழுந்து வரவேற்பறைக்குப் போகலாம். நாங்கள் போனால்தான் ஆண்கள் போர்ட் ஒயினைத் திறந்து, பெண்கள் முன்னால் பேசக் கூடாததைப் பேசலாம். அண்ணன் அந்த நிமிஷத்துக்காகவே சாப்பிடுகிறவர். உனக்குத் தெரியும்.

நான் எழவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கர்னலின் மனைவி என்னைப் பார்த்தாள். விசிறியை மடித்தாள், விரித்தாள். நான் ஒரு திராட்சையை எடுத்து நிதானமாகத் தோல் உரித்தேன். அண்ணன் இருமினார். இன்னொரு திராட்சை. வானிலையைப் பற்றிப் பேசினார்கள், அதுவும் தீர்ந்துபோயிற்று. ஒயின் புட்டியைப் பிடித்துக்கொண்டு பரிமாறுகிறவர் சுவரோரமாக நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல், ஹெஸ்டர்! பிஷப்பின் தம்பி கால்மேல் கால் போட்டு நெளிந்ததைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். மனிதருக்கு அவசரம் போலிருக்கிறது.

கடைசியில் அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு மேசையைச் சுற்றி என்னிடம் வந்து காதில் சீறினார்.

"என்னடி வேணும் உனக்கு?"

"கையெழுத்து."

"இப்பவா?"

"தாள் உன் நாற்காலிக்குக் கீழ இருக்கு. மை, பேனா எல்லாம் இருக்கு."

போட்டுவிட்டார். பழத்தட்டைத் தள்ளிவிட்டு அங்கேயே, மூன்று தாளிலும். நான் எழுந்தேன். பெண்கள் எல்லோரும் உயிர் வந்தது போல எழுந்தார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு சுலபமாக இருந்ததே என்பதுதான் என்னைக் கொல்கிறது. அந்த ஜூலை மாதத்திலும் அதே விருந்தாளிகள்தான். பட்டியல் என் கண்ணில் பட்டபோது விருந்து முடிந்திருந்தது, உண்மைதான். ஆனால் கப்பல் கிளம்ப அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் ஐந்து விருந்து. ஐந்திலும் நான் நேரத்துக்கு எழுந்து போனேன்.

ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். விரல் வலி, நாலு பேர் நடுவில் சண்டை, இதெல்லாம் பாதிதான். அவள் விடுதலையாகிவிட்டால் ஒரு நாள் இந்த வாசலில் வந்து நிற்பாள் என்று எனக்குப் பயம். நீ அவளை அம்மா என்பாய். நான் வெறும் அத்தையாகிவிடுவேன். பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை கிடைத்தால் அது யாருடையது என்று கேட்கப் பிடிப்பதில்லை. அதனால்தான் ஒரே கடிதத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஒன்று எழுதினேன் என்ற நிம்மதியும் வேண்டும், அது போய்ச் சேராமலும் இருக்க வேண்டும். இதைக் கடவுளிடம்கூட நான் சொன்னதில்லை.

மூன்று தாளையும் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். அவள் இங்கிலாந்து வர விரும்பினால் பயணச் செலவு என்னுடையது என்றும் எழுதியிருக்கிறேன். நீ எதையும் பிரதி எடுக்க வேண்டாம். கப்பலில் சேர்த்தால் போதும்.

அத்தை


பிரிஸ்டல்
1782 பிப்ரவரி 6

அத்தைக்கு,

மூன்றும் கிடைத்தன. 'நெப்டியூன்', 'பெல்லோனா', 'மேரி ஆன்' என்று மூன்று கப்பல்களில் சேர்த்துவிட்டேன்.

உங்கள் எழுத்தைப் பார்த்துவிட்டுப் பில்லிங் அம்மாள், "இது யாரும்மா, புள்ளைங்க யாராவது எழுதினதா?" என்று கேட்டார். ஒரு தாளில் அம்மாவின் பெயர் மேலேயே மை கொட்டியிருக்கிறது. இன்னொன்றில் "விடுதலை" என்ற சொல் பாதியில் கோணிக்கொண்டு அடுத்த வரிக்குள் விழுந்திருக்கிறது. மெக்லீஷ் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். எழுத்து தெளிவாக இல்லை, சந்தேகமாக இருந்தது, அதனால் காத்திருந்தேன் என்பான்.

இனி இந்தக் குடும்பத்துக்கு ஒரு எழுத்தும் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். நேற்று உட்கார்ந்து நான்காவது பிரதி எழுதினேன், உங்கள் சொற்களை ஒன்றுகூட மாற்றாமல். சுழி மட்டும் போடவில்லை. அதில் பெரியப்பாவின் கையெழுத்து இல்லை, தெரியும். மற்ற மூன்றில் ஒன்று போய்ச் சேர்ந்தால் அதோடு சேர்த்துப் படிக்க உதவும். அதே கூட்டத்தில் ஜமைக்கா போகிற குவாமினா தன் பெட்டிக்குள் அரிசிப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "நேரா உங்கம்மா கைலயே குடுக்கறேன், போதுமா?" என்றார்.

நீங்கள் திராட்சைத் தோல் உரித்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு உங்கள்மேல் முன்னைவிடக் கோபம் வந்தது. கடைசிப் பகுதியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. பொய்யாக எழுதவும் மனமில்லை.

களிம்பு அனுப்பியிருக்கிறேன். விரல்களுக்கு.

ஹெஸ்டர்


ஆஷ்கோம்
1782 அக்டோபர் 28

என் ஹெஸ்டர்,

மெக்லீஷின் பதில் இன்று காலை வந்தது. அண்ணன் பார்க்குமுன் நான் உடைத்துவிட்டேன். அவர் இறங்கி வருவதற்குள் இதைத் தபாலில் சேர்க்க வேண்டும். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

'பெல்லோனா' போய்ச் சேர்ந்திருக்கிறது. மே மாதம் பதினான்காம் தேதி அவளைத் திரும்ப வாங்கி, நீதிபதி முன்னால் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் இனி யாருடைய சொத்தும் இல்லை. "இங்கிலாந்து வர அவளுக்கு விருப்பமில்லை, காரணம் சொல்லவில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறான். அவ்வளவுதான். இந்தத் தடவை கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வரவில்லை என்று படித்ததும் என் மனம் ஒரு நொடி லேசானது. அந்த ஒரு நொடியை உன்னிடம் மறைக்கக் கூடாதென்று எழுதுகிறேன். இத்தனைக்குப் பிறகும் நான் அப்படித்தான் இருக்கிறேன்.

நீ வர மாட்டாய் என்று தெரியும். உன் ஜன்னலோர மேசையை எடுத்துவிடச் சொன்னேன். உணவு மேசையில் என் வலது பக்கம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். விருந்தாளிகள் வந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். அண்ணன் முறைக்கிறார். முறைத்துக்கொள்ளட்டும்.

அத்தை


பிரிஸ்டல்
1782 நவம்பர் 12

அத்தைக்கு,

குவாமினா திரும்பி வந்துவிட்டார். நேற்று பில்லிங் அம்மாளின் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். உப்பு போதவில்லை என்று குறை சொன்னார். அதற்குப் பிறகுதான் பேசினார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

"பாத்தேன் பொண்ணு, உங்கம்மாவ. ஆத்துல துவைச்சுக்கிட்டு இருந்தா. இப்பக் கூலிக்குத் துவைக்கிறா, அவ காசு அவ கைல. முதுகைப் பத்திக் கேக்காத, சொல்ல மாட்டேன். உயரம் உன் உயரந்தான். நான் உன் கடுதாசியை நீட்டினேன். வாங்கி மோந்து பாத்தா. இடுப்புத் துணி முடிச்சை அவுத்து இன்னொரு தாளை எடுத்து அதோட சேர்த்து வச்சா. பழைய தாளு, நாலா மடிச்சு எண்ணெய்த் துணியில சுத்தினது. என்னடி அதுன்னேன். எம் பொண்ணு எழுதினதுன்னா."

எனக்குப் புரியவில்லை. நான் அவளுக்கு ஒன்றும் எழுதியதில்லையே என்றேன்.

"எழுதியிருக்கியே. அவளை விக்கச் சொல்லி. அவ மெக்லீஷ்கிட்டப் போய் அழுதிருக்கா. எசமான் வீட்டுக் கடுதாசியெல்லாம் உன் கைதான்னு அவனுக்குத் தெரியுமாம். அவன், நான் என்ன பண்ணட்டும், உன் பொண்ணே எழுதியிருக்கா பாருன்னு தாளைக் காட்டியிருக்கான். வேலை முடிஞ்சதும் அந்தத் தாளைக் குடுன்னு கேட்டு வாங்கியிருக்கா. சிரிச்சுக்கிட்டே குடுத்தானாம். நான் சொன்னேன், அடி பைத்தியக்காரி, இதுல உன்னை விக்கச் சொல்லித்தானே எழுதியிருக்குன்னு. தெரியும்னா. எம் பேரு எந்த இடத்துல இருக்குன்னு அவன் காட்டினான்னா. அந்த இடம் தேஞ்சுபோச்சு பொண்ணு. விரல் வச்சு வச்சு எழுத்தே இல்ல, ஒரு சுழி மட்டுந்தான் மிச்சம்."

அத்தை, நான் அடுப்படியில் போய் நின்றேன். பில்லிங் அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டார். குவாமினா விடவில்லை. சொல்லி முடிக்க வேண்டுமென்று வந்தவர்.

"ஏன் வர மாட்டேங்கறேன்னு கேட்டேன். மத்த பத்துப் பேரு எங்கன்னு எனக்குத் தெரியணும், ஒவ்வொரு தோட்டமா விசாரிக்கிறேன், மூணு பேரு கிடைச்சாங்க, இன்னும் ஏழு பேருன்னா."

இதைப் படித்துவிட்டு நம் கடிதங்களைத் திருப்பிப் பாருங்கள். நான் என்னுடையதை யோசித்துப் பார்த்தேன். ஒரு வருஷமாக நீங்களும் நானும் மாறி மாறி அழுதிருக்கிறோம், குத்தியிருக்கிறோம். மற்ற பத்துப் பேர் எங்கே என்று ஒரு வரியில்கூட நாம் கேட்கவில்லை. அவர்கள் பெயரையும் நான்தான் மூன்று தடவை எழுதினேன். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பெரியப்பாவின் விருந்துகள் இன்னும் நடக்கின்றன அல்லவா? திராட்சையும் கிடைக்கும். அந்த நாற்காலியில் நான் வந்து உட்காருவதற்கு முன்னால் நீங்கள் இந்தப் பத்துப் பேருக்கும் கையெழுத்து வாங்க வேண்டும்.

கிளம்பும்போது குவாமினா வாசலில் நின்று ஒன்று சொன்னார். அம்மா அந்தப் பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாளாம். "கை கொஞ்சங்கூட நடுங்காம எழுதியிருக்கா பாரு. நல்லா சாப்பிடறா எம் பொண்ணு" என்றாளாம். முடிந்தால் இன்னொன்று எழுதச் சொன்னாளாம்.

காலையிலிருந்து அவளுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரியிலேயே கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைப் பார்த்தால் நான் பட்டினி கிடக்கிறேன் என்று நினைத்துவிடுவாள். அதனால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஹெஸ்டர்